இரண்டு விரல் சன்ஸ்கிரீன்

சென்னைக்கு வந்த புதிதில் என்னை நடுங்கவைத்தவர்கள் ஸ்கூட்டரில் போகும் பெண்பிள்ளைகள். பகிடிக்குச் சொல்லவில்லை. தி. நகரில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. தலை, நெற்றி, மூக்கு, வாய் எல்லாவற்றையும் துப்பட்டாவால் சுற்றிக் கட்டியிருக்கிறாள். வெளியே தெரிபவை இரண்டு கண்கள் மட்டும். அந்தக் கண்கள் என் பக்கம் திரும்பியதும் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆமி செய்த சுற்றிவளைப்புகளில் சனத்தை வெளியில் வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிக்கட்டிய ஒருவனை முன்னால் கொண்டுவந்து இருத்துவார்கள். அவன் வாய் திறக்கமாட்டான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்கவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பமாட்டார். தலையாட்டி என்றுதான் அவனைச் சொல்வோம். இங்கேயோ அந்தப் பெண் துப்பட்டாவுக்குள்ளிருந்து, "அக்கா, பாண்டி பஜாருக்கு லெஃப்ட்ல போவணுமா?" என்று கேட்டாள். நான் கையை மட்டும் ஒரு பக்கமாக நீட்டினேன். "பாவம், பேச வராது போல" என்று பின்னாலிருந்தவளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவர்கள் வெயிலுக்காகத்தான் முகத்தை மூடுகிறார்கள் என்று பிறகுதான் விளங்கியது. வெயிலுக்குப் பயந்து ஒளிகிற ஒரு சனத்தை நான் அதுவரை கண்டதில்லை.

இப்போது நானும் அப்படித்தான் கட்டிக்கொண்டு போகிறேன். கனடா விசா வரும்வரை ஆறு மாதம் இருப்போம் என்று அம்மாவோடு வந்தவள் நான். விசா வரவில்லை. அம்மா இங்கேயே போய்ச் சேர்ந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையும், மயிலாப்பூரில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையும் எனக்கு மிஞ்சின. போன பங்குனியில் கன்னங்கள் இரண்டும் மூக்குத்தண்டும் சேர்ந்து சிவந்தன. வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் பூசினேன். காலையில் எழும்பினால் விரல்களை மடக்க முடியவில்லை. பேனா பிடித்தே தேய்ந்த கைதானே என்று விட்டுவிட்டேன். கடைசியில் ராயப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். கண்ணாடி போட்ட, சிரிக்காத டாக்டரம்மா. இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "இது லூபஸ்" என்றார். "உங்க உடம்பே உங்களை எதிரின்னு நினைச்சு சண்டை போடுது. வெயில் பட்டா சண்டை ஜாஸ்தியாகும். கிட்னிக்குப் போச்சுன்னா ரொம்ப கஷ்டம். மாத்திரையோட டெய்லி சன்ஸ்கிரீன் போடணும். ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்தாலும் போடணும்."

ஒரு சண்டையிலிருந்து தப்பி வந்தவளுக்கு உடம்புக்குள்ளேயே இன்னொரு சண்டை! சிரிக்கத்தான் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. அன்று ராயப்பேட்டைத் தெருவில் இறங்கி நடந்தபோது மேலே இருந்த வெயிலை முதன்முதலாக அண்ணாந்து பார்த்துப் பயந்தேன். விமானம் வந்தால் பதுங்குகுழிக்குள் ஓடியிருக்கிறோம். சத்தம் கேட்டால் ஓடவேண்டும், சத்தம் போனால் வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். இதற்கோ சத்தமே இல்லை. காலை ஆறு மணிக்கு வந்து சாயந்தரம்வரை தலைக்குமேல் நிற்கிறது. சென்னையில் வருடத்தில் பத்து மாதம் இப்படித்தான். கடைக் கூரைகளின் கீழும் பஸ் நிழலிலுமாக ஒட்டி ஒட்டி வீட்டுக்கு வந்து, கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் இருந்து அழுதேன். தனி ஆள் நான், கிட்னி போனால் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக யார் வருவார்கள்?

இதையெல்லாம் ஊரில் இருக்கும் என் அக்கா சுகந்திக்கு நான் சொல்லவில்லை. கடல் தாண்டி இருக்கிற எங்கள் ஆட்களின் வழக்கம் இது. ஃபோனில் எல்லாரும் நல்ல சுகம். அங்கே ஒருவர் செத்தால் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபிறகுதான் இங்கே சொல்வார்கள், யோசிச்சுக் கவலைப்படுவினம் என்று. நாங்களும் அப்படியே. அக்காவிடம் வெயில் ஒத்துவரவில்லை, முகத்துக்கு ஏதோ பூசப் போகிறேன் என்றுமட்டும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வெயிலுக்குக் கிறீமோ? எடியே, இந்தியாவுக்குப் போய் நடிகையாயிட்டியோ? நான் இஞ்ச விடியத்தொடக்கம் வெங்காயத் தோட்டத்துக்க நிக்கிறன், எனக்கு ஆர் பூசிவிடுறது?" அவளோடு சேர்ந்து நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் தேவி என்ற பெண் நிற்பாள். ராயப்பேட்டையில் பிறந்து மாம்பலத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். நெஞ்சில் இருப்பதை ஒளிக்கத் தெரியாத வாய். சன்ஸ்கிரீன் என்று நான் கேட்டதும், "இன்னாக்கா, கலராவணுமா? அதுக்கு இத்த எடுத்துக்கோ, ஒரே வாரத்துல மூஞ்சி பளபளன்னு ஆயிடும்" என்று ஒரு வெளுப்புக் களிம்பை எடுத்துப் போட்டாள். வெளுப்பாவதற்கு இல்லை, வெயிலுக்கு என்றேன். "அதான்க்கா, வெயில்ல போனா கருத்துடுவோமில்ல, அதுக்குத்தானே?" கருத்தால் என்ன, செத்துப்போய்விடக் கூடாது என்று இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீ கேரளாவா?" என்றாள். அதற்கும் சும்மா தலையசைத்தேன்.

ஆனாலும் தேவி கெட்டிக்காரி. நான் டாக்டர் சீட்டை நீட்டியதும் முகம் மாறி, ஒவ்வொன்றாக எடுத்து என் மணிக்கட்டில் தடவிக் காட்டினாள். முதலாவது மலிவு, பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெள்ளையாக நின்றது. என் நிறத்துக்கு அது சாம்பல் பூசியது போலிருந்தது. இரண்டாவது பிசுபிசுவென்று, ரங்கநாதன் தெரு நெரிசலில் ஒரு தரம் போய்வந்தால் தூசியெல்லாம் முகத்தில் குடியேறும். மூன்றாவதை வாங்கிப் பூசிக்கொண்டு போனேன்; மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்குவதற்குள் வேர்வையோடு கண்ணுக்குள் வழிந்து எரிந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதில் பஸ்ஸையும் விட்டேன். "வேர்வ ஊருக்கா இது, அமெரிக்காக்காரனுக்குச் செஞ்சுகீறான்" என்று தேவி நான் வாங்கியதையே திட்டினாள். கடைசியாக ஒரு ஜெல் மாதிரி வந்தது. வெள்ளை நிற்கவில்லை, வாசமில்லை, கண் எரியவில்லை. எஸ்.பி.எஃப். ஐம்பது என்று போட்டிருந்தது. டாக்டர் எழுதிய மற்ற விபரமும் அட்டையில் இருந்தது. விலையைக் கேட்டதும்தான் மூச்சு நின்றது. என் விரலளவு டியூப் அது. "பெருசா வாங்கிக்கோக்கா, கணக்குப் பார்த்தா அதான் மலிவு" என்றாள் தேவி. எனக்கு மனம் வரவில்லை. சின்னதையே வாங்கினேன்.

அந்தச் சின்னதை வைத்து நான் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையவேண்டும்போல் இருக்கிறது. யுத்தத்தில் ஊருக்குச் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் எப்போதாவது ஒரு கட்டி வந்துவிட்டால், சுகந்தி அக்கா நூலால் அதை நான்காக அறுப்பாள். ஒரு துண்டு பாவனைக்கு, மூன்று துண்டு பெட்டிக்குள். பாவிக்கிற துண்டையும் உடம்பில் தேய்க்க விடமாட்டாள்; கையில் தேய்த்து, அந்த நுரையைத்தான் பூசவேண்டும். மிஞ்ச வைப்பது எங்களுக்கு அப்போது கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனம் கையை விட்டுப் போகவேயில்லை. தினமும் காலையில் ஒரு பயறளவு எடுத்து, தண்ணீர் தொட்டு, கன்னத்திலும் மூக்கிலும் இழுத்து இழுத்துப் பூசினேன். மாலையில் பஸ்ஸில் வரும்போது முகத்தைத் தொட்டுப் பார்த்து, இன்னும் இருக்கிறது என்று என்னை நானே நம்பவைத்தேன். வீட்டில் நின்றால் பூசுவதில்லை, வீணாகப் போகும் என்று. ஒரு டியூபை நாலு மாதம் கொண்டுபோனேன். பெருமையாகவும் இருந்தது, போங்கள்.

ஆடி மாதம் கால் வீங்கியது. செருப்பின் வார் பதிந்த இடம் மணிக்கணக்காகக் குழியாகவே கிடந்தது. காலையில் சிறுநீர் நுரைத்தது. அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு குளியலறையில் நின்றபோது, கிட்னிக்குப் போனால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதுதான் காதில் கேட்டது. ராயப்பேட்டைக்கு ஓடினேன். டாக்டரம்மா காலை அமத்திப் பார்த்துவிட்டு, "சன்ஸ்கிரீன் போடறீங்களா?" என்றார். தினமும் என்றேன். "எவ்ளோ போடறீங்க, காட்டுங்க." கைப்பையிலிருந்து டியூபை எடுத்து என் பயறளவை எடுத்துக் காட்டினேன். அவர் டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, கண்ணு படாம இருக்க வைக்கிற பொட்டா? இந்த டியூப் எப்ப வாங்கினது?"

"நாலு மாசம்."

"நாலு மாசமா!" பேனாவை மேசையில் போட்டார். "ஆள்காட்டி விரல், நடுவிரல், ரெண்டு விரல் நீளத்துக்கும் பிதுக்கணும். அவ்ளோ முகத்துக்கும் கழுத்துக்கும் வேணும். வெளியில இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திரும்பப் போடணும். இது ஒரு மாசம்கூட வந்திருக்கக் கூடாது. நீங்க சன்ஸ்கிரீனை மிச்சம் பிடிக்கல, கிட்னியைச் செலவு பண்ணியிருக்கீங்க, புரியுதா?" புரிந்தது. பிறகு சீட்டை எழுதிக்கொண்டே, "அக்கா தங்கச்சி இருக்காங்களா? சில குடும்பத்துல ஒருத்தருக்கு மேல வரும்" என்றார். ஓர் அக்கா இருக்கிறாள், அவளுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அப்போது என் மனம் முழுக்க என் கிட்னிதான். அக்காவைப் பற்றி யோசிக்க இடமே இருக்கவில்லை.

அவர் எழுதிக்கொடுத்த சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் பூசினேன் பாருங்கள் ஒரு பூச்சு! தேவியிடம் பெரிய டியூப் வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினேன். பிதுக்கப் பிதுக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "இன்னாக்கா அழுவுற?" என்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேவி கல்லாவை விட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "த, பயப்படாத. எதுனா ஒண்ணுன்னா எனக்கு ஃபோன் பண்ணு, ஆட்டோ எடுத்துக்கினு நான் வரேன்" என்றாள். சொந்த அக்காவுக்குச் சொல்லாததை மருந்துக்கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டேனே என்று வீடுவரை குத்திக்கொண்டே வந்தது. அடுத்த நாள் முடிவு வந்தது. கிட்னியைத் தொட்டிருக்கிறது, ஆனால் பிடித்துவிட்டோம், மருந்துக்குக் கட்டுப்படும் என்றார் டாக்டர். தெரு முழுக்க வெயில் கிடந்தது. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குடையும் பிடித்து, பயந்து பயந்துதான் நடந்தேன். ஆனாலும் உயிர் மிஞ்சிய சந்தோஷம் இருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் அக்கா வீடியோவில் வந்தாள். தோட்டத்தில் நின்றாள், பின்னால் வெங்காயத் தாள் பச்சையாக வரிசை வரிசையாகத் தெரிந்தது. தலையில் ஒரு துணிகூட இல்லை. "என்னடி, கிறீம் பூசி வெள்ளைக்காரியாயிட்டியோ?" என்று தொடங்கி, ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "இஞ்ச பார், எனக்கும் வெயில் சுட்டுப்போட்டுது. உன்ர கிறீமில ஒண்டை ஆரிட்டயும் குடுத்துவிடன்."

இரண்டு கன்னங்களும் மூக்குத்தண்டும் சேர்ந்து சிவந்திருந்தன.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் வரும். அதை விடு, இந்த விரல்தான் கரைச்சல். காலமை தேங்காய் துருவ ஏலாமக் கிடக்கு. வயசு போகுதடி."

"கால் வீங்குதோ?"

"ஓம், பின்னேரத்தில. உனக்கு ஆர் சொன்னது?"

"அக்கா, முதல்ல நிழலுக்குப் போ."

"விசரே உனக்கு? இன்னும் பாதிப் பாத்தி கிடக்கு."

"போ எண்டு சொல்லுறன்!" கத்திவிட்டேன். பிறகு நிறுத்தமுடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்: லூபஸ், கிட்னி, நுரை, நான் ஒளித்த மாதங்கள் எல்லாம். அவள் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன், ஓம் என்றாள். ஆனால் கால் அசையவில்லை. கேட்டது விளங்காதவள்போல் ஃபோனைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். எங்கள் இருவரையும் ஊரில் ஆள் மாறிக் கூப்பிடாதவர்கள் இல்லை, அப்படி ஒரே சாயல். இந்தப் பக்கம் நான் களிம்பு பூசி, ஜன்னல் சாத்திய மாம்பலத்து அறையில் இருந்தேன். அந்தப் பக்கம், அதே முகத்தோடு, எதுவும் பூசாமல், யாழ்ப்பாணத்து உச்சி வெயிலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.