கிழியாத சட்டை

அரசு நாடக அரங்கின் தையல் அறையிலிருந்தபடியே பத்தொன்பது வருடமாக நாட்டைக் காப்பாற்றி வருபவர் ஊசியக்கா. எந்த நூற்றாண்டுப் போரானாலும் சிப்பாய்களுக்குப் பொத்தான் வைத்து அனுப்பியவர் அவர்தான்.

இந்த முறை நாட்டுப்பற்றை ராக் இசையில் ஊட்டுவதென்று மேலிடம் முடிவெடுத்தது. இருநூறு வருடத்துக்கு முந்தைய தளபதி எலெக்ட்ரிக் கிதாரோடு குதிரை ஏறினார். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். முதல் வரிசையில் இடம் கொடுத்ததும் வரலாறு சரியாகிவிட்டது.

கடைசிப் பாட்டில் தளபதி மார்பில் குண்டு வாங்குவார். சட்டையில் அதற்கென்று ஒரு கீறல், உள்ளே சிவப்புச் சாயப்பை. தினமும் சட்டையை அலசி, கீறலைப் பேருக்கு நாலு தையலில் மூடுவது ஊசியக்கா வேலை. தளபதி இழுத்தால் நூல் பட்டென்று விட வேண்டும்.

அக்காவின் ஒரே மகன் நிஜச் சிப்பாய். எல்லையில் காணாமல்போய் மூன்று மாதம். "காணோம்னுதானே எழுதியிருக்காங்க, இல்லைன்னு எழுதலையே" என்று இஸ்திரிப் பெட்டியிடம் வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்தார்.

அமைச்சர் வரவிருந்த நாளன்று மதியம் கிளார்க் ஓர் உறையோடு வந்தார்.

"நீயே படிப்பா. கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன்."

படித்தவர் பாதியில் நின்று, கடைசி வரிக்குத் தாவினார். "'உங்கள் மகனை மண் மறக்காது'ன்னு முடிச்சிருக்காங்கக்கா." பிறகு கடிதத்தை மடித்துக்கொண்டே, "நம்ம கடைசிப் பாட்டுல வர்ற வரிதான்" என்றார்.

"சரி. அந்த நூல்கண்டை எடு. சட்டை தைக்கணும்."

மாலையில் குண்டு பாய்ந்தது. தளபதி சட்டையை இழுத்தார். நூல் விடவில்லை. மறுபடி இழுத்தார். கிதார்காரர் ஒரே சுரத்தைப் பதினோரு தடவை வாசித்துச் சமாளித்தார். ஒரு சொட்டு ரத்தமில்லாமல் தளபதி உயிர்விட்டார்.

"மாரடைப்பு போல" என்றது பின்வரிசை. அமைச்சர் சிரித்தார், ஆகவே அதிகாரிகளும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் சட்டையோடு வந்தார். "ஏம்மா, நாலு தையல் போடச் சொன்னா கோணிப்பை மாதிரி தச்சு வச்சிருக்க? அந்த ஆளைச் சாகவே விடமாட்டியா?"

அக்கா சட்டையைத் திருப்பிப் பார்த்தார். கீறலின்மேல் மூன்று வரிசை, ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சு. மகனின் பள்ளிக்கூடச் சட்டை கிழிந்துவரும்போதெல்லாம் போட்ட தையல்.

"கை அது பாட்டுக்குப் போட்டிருக்கு சார்."

"பிரிச்சிடு. இன்னைக்கு ஒழுங்கா சாகணும்."

பிரிக்க மதியம்வரை ஆயிற்று. பத்தொன்பது வருட அனுபவத்துக்கு அது அரைமணி வேலைதான் என்று பதிவேட்டில் குறித்திருக்கிறார்கள். பிறகு நாலு தையல், தொட்டால் விடுகிற மாதிரி.

அன்று தளபதி அருமையாகச் செத்தார். கைதட்டல் தையல் அறைவரை கேட்டது. சட்டை வந்ததும் ஊறவைக்க, ஊசியக்கா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.