காலி நாற்காலிக்குத் தலையாட்டியவர்

அசாபா நகரில் படக்காரர் சங்கம் நடத்திய விழாவில் அனேனே ஒக்வுவோசாவுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதில் பொன்னிறத்தில் எழுதியிருந்தது: "அரசவைகளின் மனசாட்சி. மன்னர் முன் அஞ்சா நாவினர். மரபின் காவலர்."

கேடயத்தை வாங்கியவரிடம் மைக்கை நீட்டினார்கள். அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினார். பதினைந்து வருடத்துக்கு மேல் ராஜா படங்களில் நடித்தவர். அந்த அஞ்சா நாவு அவற்றில் உச்சரித்தது ஒரே சொல்தான்: "இக்வே." அரசனை வாழ்த்துகிற சொல்; அரசனின் பட்டமும் அதுவே. அதையும் கூட்டத்தோடு சேர்ந்துதான் சொல்வார்.

அதற்கு முன் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். உயரமானவர். வெள்ளைத் தாடி, கீழே தொங்கும் கண்பைகள், எதையோ நினைத்து வருந்துவது போன்ற முகம். உண்மையில் அவர் எதையும் நினைப்பதில்லை. அப்படி ஒரு முகம் ஓய்வு பெற்றால் படக்காரர்கள் விட்டுவைப்பார்களா? சிவப்புத் தொப்பி வைத்து, கழுத்தில் மணிமாலை போட்டு, ராஜாவுக்கு இடப்பக்கம் மூன்றாவது பிரபுவாக உட்காரவைத்துவிட்டார்கள்.

அவருக்கு இட்ட வேலை தலையாட்டுவது. பெரும்பாலும் ராஜா அந்த இடத்திலேயே இருக்க மாட்டார். ராஜாவாக நடிப்பவருக்கு ஒரே நாளில் இரண்டு அரண்மனைகளில் வேலை இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சிம்மாசனம் இருந்த இடத்தில் போட்டு, "ராஜா பேசிக்கிட்டு இருக்கார், பெரியவரே, ஆட்டிக்கிட்டே இருங்க, வேணுங்கிற இடத்துல நான் வெட்டி ஒட்டிக்கிறேன்" என்பார் டைரக்டர். அனேனே காலை முழுவதும் அந்த நாற்காலியின் எல்லா முடிவுகளுக்கும் சம்மதிப்பார். போருக்கும், இளவரசன் கல்யாணத்துக்கும், யாரையோ ஊரைவிட்டுத் துரத்துவதற்கும் அதே ஆட்டல்தான்.

இந்தப் படங்களைத் திட்டுவது சுலபம். ஆற்றுக்குக் கிழக்கே எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றில் ராஜாவே இருந்ததில்லை. பங்காளிகள் வட்டமாக உட்கார்ந்து சண்டை போட்டே காலம் ஓடியது. வெள்ளைக்காரன் சிலரைப் பிடித்துத் தொப்பி வைத்தான், பிறகு அரசாங்கம் சான்றிதழ் கொடுத்தது, மிச்சத்தைப் படங்கள் பார்த்துக்கொண்டன. எங்கள் ஊரின் இப்போதைய இக்வே முன்பு சிமெண்ட் வியாபாரி. அவருடைய நடை படத்திலிருந்து எடுத்தது. படத்து ராஜாவோ அதை இவரிடமிருந்து கற்றதாகச் சொல்லிக்கொள்கிறார். ஒனிச்சா சந்தையில் வாங்கிய சிறுத்தைத்தோல் போர்வையில் விலைச்சீட்டு தொங்கும். ஓடையில் தண்ணீர் மொள்ளும் ஏழைப்பெண்ணுக்கு நகப்பூச்சு இருக்கும். வெள்ளைக்காரனையே பார்க்காத காலத்து ராணி அவன் பாஷையில் சாபம் கொடுப்பாள்.

ஆனால் ஒப்பாரிக் காட்சி வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். கூலிக்கு அழைத்துவந்த கிராமத்துப் பெண்கள் தங்கள் சொந்த ஒப்பாரியையே பாடுவார்கள். இப்போதைய சாவு வீடுகளில் அது கிடைக்காது; அங்கே பேண்டு வாத்தியமும் பந்தலும்தான். செத்தவரை முறையாக அழுது அனுப்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் படம்தான் பார்க்க வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் அனேனேயின் தம்பி எஜிகே இறந்தான். பேண்டு வாசித்தார்கள். அண்ணன் அழவில்லை. "வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன், நான் அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவன், கேட்க உரிமை உண்டு. கொஞ்சம் யோசித்து, "தெரியலையே" என்றார். படத்தில் அழ வேண்டியிருந்தால் கண்ணுக்குக் கீழே தைலம் தடவுவார்கள். நிஜத்தில் தடவ ஆளில்லை.

எஜிகேயின் மனைவி ஒபியகேலிக்கு இரண்டு பெண்கள், மகன் இல்லை. அவள் குடியிருக்கும் வீடும் பின்னாலுள்ள மரவள்ளித் தோட்டமும் பங்காளி ஒக்வுடிலியின் கண்ணை உறுத்தின. பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று தலைநகர் அபுஜாவில் பெரிய கோர்ட்டு எப்போதோ சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு இன்னும் ஆற்றைத் தாண்டவில்லை. எங்கள் ஊரில் வழக்கம் வேறு: இறந்தவனின் கூடப்பிறந்த அண்ணன் "கூடாது" என்று சொன்னால் பங்காளிகள் அந்த நிலத்தைத் தொட முடியாது. ஒபியகேலியின் கூரை அனேனேயின் ஒரு சொல்லில் நின்றது.

கிறிஸ்துமஸுக்கு அனேனே நடித்த புதுப்படம் வந்தது. மூத்த பங்காளி நுவோகோயே வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். கதை ஒரு விதவையைப் பற்றியது. புருஷன் செத்ததும் ராஜா அவள் நிலத்தைப் பிடுங்கிக்கொள்கிறான். பிரபுக்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மூன்றாவது பிரபு மட்டும் தலையை மெல்ல, இடமும் வலமுமாக, ஆட்டி மறுக்கிறார். கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் இடி விழுந்து ராஜா கருகிச் சாகிறான்.

அதிகமாக அழுதவன் ஒக்வுடிலி.

"பாவி, ஒரு பொம்பளை சொத்துல போய்க் கை வைக்கிறானே" என்று மூக்கைச் சிந்தினான்.

"கைக்குட்டை வேணுமா தம்பி?" என்று கேட்டாள் துக்க உடையில் மூலையில் இருந்த ஒபியகேலி.

மறுநாள் அவள் அனேனேயின் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"அத்தான், பங்காளிங்க கூட்டத்துல ஒக்வுடிலி வீட்டைக் கேப்பான். நீங்க பேச வேண்டாம். படத்துல ஆட்டினீங்களே, அது மாதிரி ஒரு தடவை ஆட்டுங்க. போதும்."

"அது டைரக்டர் சொன்னாரும்மா."

"இப்ப நான் சொல்றேன்."

அவர் கேடயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஈ ஒண்ணு மூக்குல உக்காந்திருக்கு, கை வைக்காம விரட்டுங்கன்னார். விரட்டினேன்."

"அந்த ஈயையே நெனச்சுக்குங்க, அத்தான். ஒக்வுடிலி அதைவிடப் பெருசா இருக்கான்."

அனேனேயின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "பாப்போம்" என்றார். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

வெளியூர்ப் பிள்ளைகள் திரும்பிப் போகும் முன்பு, புத்தாண்டு கழிந்ததும், பங்காளிகள் கூட்டம் நடந்தது. நிஜக் கூட்டத்தில் சிம்மாசனம் கிடையாது; பந்தல் கடையில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். பெண்களுக்கு அனுமதி இல்லை. பெண் எடுத்தவன் என்பதால் எனக்கு நாற்காலி உண்டு, பேச்சு கிடையாது. நுவோகோயே, கூட்டத்தில் பிளந்து பங்கிடும் கோலாக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னோர்களைக் கூப்பிட்டார். ஒக்வுடிலி எழுந்தான்.

அவன் நன்றாகப் பேசினான். எஜிகே அண்ணன்மேல் தனக்கு எவ்வளவு பாசம், அந்த வீட்டில் ஆண் குரல் கேட்காதது தன் தூக்கத்தை எப்படிக் கெடுக்கிறது, பெண்கள் நாளைக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டால் நிலம் யாருக்குப் போகும். அண்ணி சமையல்கட்டிலும் பக்கத்து அறையிலும் இருந்துகொள்ளலாம், தான் பெருந்தன்மையானவன்.

நான் அனேனேயைப் பார்த்தேன். அவன் பேச ஆரம்பித்தபோதே அவர் தலை ஆட ஆரம்பித்திருந்தது. சிவப்புத் தொப்பி மேலும் கீழும் போய்வந்தது, ஒரே சீராக, கேமரா எங்கே இருந்தாலும் பிடித்துக்கொள்ளும்படியாக. ஒக்வுடிலி உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை.

நுவோகோயே திரும்பினார். "அனேனே, எஜிகே உன் கூடப்பிறந்தவன். நீ தலையாட்டுறதை நாங்க பாத்தோம். வாயால சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

கிழவர் நியாயமாகத்தான் கேட்டார். அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் குடித்து, கொட்டையின் மேல் தோலைக் கிள்ளிக்கொண்டு காத்திருந்தார். ஒக்வுடிலி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. வறட்டுக் காற்றுக் காலம், இடிக்கு வாய்ப்பே இல்லை.

அனேனே நுவோகோயேயைப் பார்த்தார், காலியாக இருந்த ஒரு நாற்காலியைப் பார்த்தார், தலையாட்டினார்.

நுவோகோயே கோலாவைப் பிளந்தார். ஆட்டிறைச்சியை வயது வரிசைப்படி பங்கிட்டார்கள். அனேனேவுக்கு நல்ல துண்டு விழுந்தது.

வரும் வழியில், "ஏன்?" என்று கேட்டேன்.

"பழக்கம்" என்றார்.

இருக்கலாம். ஊரில் பாதிப்பேர் அதையே சொல்கிறார்கள், அவர்மேல் அனுதாபமும் படுகிறார்கள். ஆனால் ஈயை விரட்டிய ஆட்டலும் அதே கழுத்திலிருந்துதான் வந்தது. ஒரே தடவையில் சரியாக அமைந்ததாக டைரக்டர் இன்றும் சொல்கிறார்.

ஒபியகேலி இப்போது பெண்களோடு சமையல்கட்டிலும் பக்கத்து அறையிலும் இருக்கிறாள். அந்தப் படம் நன்றாக ஓடுகிறது. இரண்டாம் பாகத்தில் மூன்றாவது பிரபுவுக்கு வசனம் வைக்கப்போவதாகக் கேள்வி.

கூட்டத்தன்று அனேனே ஒக்வுவோசா செய்தது: தம்பி மனைவியின் வீட்டைப் பிடுங்கச் சம்மதித்துத் தலையாட்டினார். பிறகு தன் பங்கு இறைச்சியைக் கட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.