பரோலில் வந்தவரின் சேவல்

எர்ணாவூர் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டுத் தேவி, "விடியறதுக்கு முன்னாடியே கூவி உசுர வாங்குதுக்கா, நீயே எடுத்துக்கோ" என்று ஒரு சேவலை என்னிடம் விற்றாள். மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சியில் ஞாயிற்றுக்கிழமையே அதைக் குழம்பு வைத்துவிட்டேன்.

குழம்பு கொதிக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் தேவியின் கணவர் குமார், கூடவே ஒரு போலீஸ்காரர்! சிறையில் இருந்த குமார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பரோலில் வந்திருந்தார்.

"அக்கா, என் சேவலு உங்கூட்டுல கீதாமே? ஆசையா வளத்தேன். அத விக்க அவளுக்கு இன்னா ரைட்டு கீது?"

போலீஸ்காரர் வேறு மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

"சத்தியமா தெரியாது தம்பி. அவ வித்தா, வாங்கினேன். யாருதுன்னு கேக்கல" என்றேன்.

குமார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "திருட்டு பைக்குங்கள வாங்கி மாட்டிக்கினப்போ, நானும் ஜட்ஜாண்ட இதையேதான்க்கா சொன்னேன்."

நான் அழுதே விட்டேன்.

"சரி வுடுக்கா, அழுவாத. கொழம்பாச்சும் காரமா கீதா? உள்ள சப்புனு துன்னு நாக்கே செத்துப்பூட்ச்சு" என்று பெருமூச்சோடு உட்கார்ந்தார். போலீஸ்காரரும் தட்டை மறுக்கவில்லை.

இப்போதெல்லாம் யார் எதை விற்றாலும், பொருள் யாருடையது என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். போன வாரம் முருங்கைக்காய் விற்க வந்த எதிர் வீட்டம்மாவிடம், "மரம் யாருதும்மா?" என்றேன். சட்டென்று கூடையை மூடிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

- சு. கலைவாணி, எர்ணாவூர்