முன் வரிசையில் உச்சுக் கொட்டியவள்

யாராவது பாடினால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றுதான். பாட்டு எப்படி இருந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நான் ரேடியோவிடமும் கேசட்டிடமும் கற்றுக்கொண்டவள். இதை உள்ளது உள்ளபடி சொல்லித் தொலைத்ததால், அமெரிக்காவில் இந்த மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்த பதினாறு வருஷமும் வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவில் எனக்குப் பின்வரிசைதான். குழுவை நடத்துகிற ஆன்ட்டி என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவர், ஆனாலும் ஆன்ட்டி. "நீ நல்லா ஃபாலோ பண்றேம்மா" என்பார். ஒருத்தியை அதைவிட நாசூக்காக உட்கார வைக்க முடியாது.

மகள் காலேஜுக்குப் போன வருஷம் நானும் போனேன். பக்கத்து ஊர் யுனிவர்சிட்டியில் மியூசிக் டிகிரி, பகுதி நேரம், நாற்பத்தெட்டு வயதில். கணவர் ஐ.டி.க்காரர். "முடிச்சா என்ன ஜாப் டைட்டில்?" என்று கேட்டார். மகள் போனில் ஆங்கிலத்தில், பெருமையாக இருக்கிறது அம்மா, என் காலேஜில் மட்டும் சேர்ந்துவிடாதே என்றாள்.

மூன்றாவது செமஸ்டரில் கறுப்பின மக்களின் வழிபாட்டு இசை என்று ஒரு பாடம். காஸ்பல் என்கிற அவர்களுடைய சர்ச் பாட்டுக் குழுவில் சேர்ந்து பாடி, கடைசியில் மேடையேறினால்தான் பாஸ். நான் அதை எடுத்த காரணத்தில் உயர்வு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு ஓய்வு. அதோடு, தாளைப் பார்த்துப் பாட வேண்டாம், காதால் கேட்டுப் பாடினால் போதும் என்றார்கள். அது நமக்குத் தெரியாததா என்ற திமிர்.

திமிர் முதல் வகுப்பிலேயே இறங்கியது. ஆசிரியை முப்பத்தைந்து வயதுப் பெண், சர்ச்சில் பியானோவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். ஒரு வரியை மூன்று தரம் பாடிக் காட்டுவார், நாலாவது தரம் நாம் பாட வேண்டும். நான் சமர்த்தாக நோட்டை எடுத்து ஸ்வரம் எழுத ஆரம்பித்தேன். அவர் பியானோவை நிறுத்திவிட்டு, மூடி வையுங்கள், எழுதினால் பாட்டு நோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், உங்களிடம் வராது என்றார். இதையும் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்தேன். யார் எதை நன்றாகச் சொன்னாலும் எழுதி வைக்கிற வியாதி எனக்கு.

அடுத்த அவமானம் கைதட்டல். எங்கள் கை தாளம் தொடங்குகிற இடத்தில் விழும். அவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு, நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் தட்டுவார்கள். முப்பது பேர் ஒன்றாகத் தட்ட, நான் மட்டும் வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து, ஒன்று போகும்வரை விடாமல் வைத்திருந்து, இரண்டில் விட்டார். "எங்க ஓடுற? பஸ் உன்னை விட்டுட்டுப் போகாது" என்றார். அவர் சொல்லலாம். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், ஐம்பத்து மூன்று வயது, சாயங்காலங்களில் படிக்கிறார். பத்தே வாரத்தில் என் கையைத் திருத்திவிட்டார், முக்கால்வாசி.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. குழு பின்னால் நிற்க, ஒருவர் முன்னால் வந்து தனியாகப் பாடுவதை லீட் என்பார்கள். மூன்று செமஸ்டராக அதைக் கேட்டார், மூன்று தரமும் இருபது வயதுப் பெண் யாருக்காவது போயிற்று. இது அவருக்குக் கடைசி செமஸ்டர். ஆசிரியை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: குரலில் குறையில்லை, ஆனால் முன்னால் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்கிறீர்கள், பார்த்ததும் சுருங்கிவிடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சர்ச்சில் பாடுங்கள், நான் வந்து கேட்டு முடிவு செய்கிறேன். பின்வரிசையில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இந்த ஆசையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாடத்துக்காக நாங்கள் ஒரு ஆராதனைக்குப் போய்க் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. உங்கள் சர்ச்சுக்கே வருகிறேன், தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இதைப் பஜனையில் சொன்னது என் தப்பு. மதம் மாற்றிவிடுவார்கள் என்றார் ஒருவர். ஆன்ட்டி குரலைத் தாழ்த்தி, "அந்த ஏரியாவா? வளையலைக் கழட்டி வச்சுட்டுப் போம்மா" என்றார். ஆபீஸில் தோலைப் பார்த்து பிரமோஷன் தருகிறார்கள் என்று இருபது வருஷமாகப் புலம்புகிற கூட்டம் இது. நான் மட்டும் என்ன யோக்கியம்? பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன், வளையலைக் கழற்றினேன். கணவர் துணைக்கு வந்தார். சர்ச்சுக்குள் உட்கார்ந்த பிறகும் பாக்கெட்டுக்குள் கைவிட்டு கார் ரிமோட்டை இரண்டு தரம் அமுக்கினார்.

வெள்ளைக் கையுறை போட்ட பெரியவர் ஒருவர், விருந்தாளி என்று எங்களை முன் வரிசைக்கே அழைத்துப் போய் உட்கார வைத்தார். ஆசிரியை எங்களுக்கு முன்பே வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுகிற அம்மாள் எழுந்து வந்தார். முதல் வரி சாதாரணமாகத்தான் போனது. இரண்டாவது வரியில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்து, கீழே வைக்காமல், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுற்றிலும் எழுந்து நின்று பதில் குரல் கொடுத்தார்கள், கை உயர்த்தினார்கள். என் உடம்புக்குத் தெரிந்ததை என் உடம்பு செய்தது. கண் மூடிக்கொண்டது, தலை இடமும் வலமுமாக ஆடியது, நாக்கு "ச்சு... ச்சு ச்சு" என்றது. சென்னைக் கச்சேரியில் முன் வரிசையில் இதைப் பார்த்தால் பாடகருக்கு இன்னொரு சுற்று தானாக வரும். பக்கத்தில் கணவரும் ஆட்டினார். அவருக்குச் சங்கீதம் தெரியாது, ஆட்டத் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் மெலிந்தது. மேலே ஏற வேண்டிய கடைசிச் சுற்றை விட்டுவிட்டு, முடித்து, போய் உட்கார்ந்தார். பாட்டே அவ்வளவுதான் போல என்று நினைத்து பலமாகக் கைதட்டினேன்.

பிறகு கீழ்த்தளத்தில் சாப்பாடு. கணவர் வெறும் கீரை என்று நம்பி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அதில் வான்கோழி வெந்திருந்ததை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த அம்மாள் எங்கள் பக்கமே வரவில்லை. கையுறைப் பெரியவர்தான் தயங்கித் தயங்கி வந்து, எங்கள் சகோதரியின் பாட்டு உங்களுக்கு அவ்வளவு மோசமாகவா இருந்தது என்று கேட்டார். தலை அப்படி ஆடினால் இங்கே 'வேண்டாம்', உச்சுக் கொட்டினால் 'சகிக்கவில்லை' என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை, லீட் இருபது வயதுப் பெண் ஒருத்திக்கு என்று ஆசிரியை அறிவித்தார். அந்த அம்மாள் தன் ஷூவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானமாவது மிஞ்சும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் எழுந்து, அது பாராட்டு, எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்றேன். ஒருவரும் நம்பவில்லை. போனில் ஒரு கச்சேரி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முன் வரிசையில் பத்துத் தலைகள் ஒரே சீராக வேண்டாம் வேண்டாம் என்று ஆடிக்கொண்டிருந்தன. பாவம், பாடுகிறவரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள் என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"நாற்பது வருஷமா பாடறேன். ஒரு தலை ஆடினதுக்காகப் பாதியில இறங்கினேன்னா, அது உன் தலையோட தப்பு மட்டும் இல்ல" என்றார்.

ஆசிரியை உடனே லீடை அவருக்கு மாற்றித் தந்துவிடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை அதில் உட்காரச் சொன்னார். அந்த அம்மாளிடம், "இப்பவே பாடுங்க. இவங்க அதையே செய்யட்டும்" என்றார்.

சொன்னால் தலை ஆடுமா? கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வரியில் அந்தச் சொல் வந்தது. தலை என்னைக் கேட்காமல் கிளம்பியது, நாக்கும் கூடவே. இந்தத் தரம் அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஸ்ஸில் குறும்பு செய்கிற பிள்ளையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே, விட்டுப்போன சுற்றில் ஏறினார், அதற்கு மேலும் ஒன்று. முடிந்ததும் அந்த இருபது வயதுப் பெண் தன் பெயரைத் தானே எடுத்துவிடச் சொன்னாள். ஆசிரியை தாளில் அதை ஏற்கனவே அடித்துவிட்டிருந்தார்.

மேடை நாளன்று ஆன்ட்டி வந்திருந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன் வரிசையில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நான் கீழ்க்குரல் பெண்கள் நிற்கிற ஆல்டோ வரிசையில், ஃபாலோ பண்ணிக்கொண்டு, வளையலோடு நின்றேன். அந்தச் சொல் மூன்றாவது தரம் சுற்றி வந்தபோது ஆன்ட்டியின் தலை அசைந்தது. உதடு குவிந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார், திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார், இன்னொரு சுற்று போனார்.

முடிந்ததும் ஆன்ட்டி அவரிடம் போய் ஆங்கிலத்தில் வொண்டர்ஃபுல், வொண்டர்ஃபுல் என்றார். என் பக்கம் திரும்பித் தமிழில், "இதெல்லாம் அவங்களுக்குப் பிறவியிலேயே வந்துடும் இல்ல?" என்றார்.

"யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு கேக்கலையே ஆன்ட்டி?"

ஆன்ட்டி கைப்பைக்குள் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். உன் ஃப்ரெண்டு என்ன சொன்னார் என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். நீங்கள் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் அத்தை, ஆறு வயதிலிருந்து சனிக்கிழமை தவறாமல். அப்புறம் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர், மூச்சு எங்கே எடுப்பது என்று சொல்லிக்கொடுக்க மட்டும் இரண்டு வருஷம். அப்புறம் குழுத் தலைவி, ஒரே வரியை நாற்பது தரம் பாட வைத்து அழ வைத்தவர். ஒவ்வொருவருக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கை ஆரம்பித்தது. ஆன்ட்டி சாவியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.