ஒரே மரம், முப்பதாயிரம் தடவை

“உங்க காட்டுல மரக் கூட்டம் இருக்கு. என் காட்டுல ஒரே மரம்தான், முப்பதாயிரம் தடவை நிக்குது. துளிர்க்கிற நாள்ல எல்லாம் ஒண்ணாத் துளிர்க்கும். சோம்பேறிக்கு என் நிலத்துல இடமில்ல.”

ஸ்வீடனின் ஸ்மோலாண்டில், மூஸ் என்னும் பெரிய மான் வேட்டைக்கு வந்து காபிக் கெண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் தோர்னி இப்படி அறிவித்தார்.

பக்கத்துக் காட்டுக்காரர் எவால்டு கோப்பையை ஊதினார். “வழி தவறினா உன் மரத்துகிட்ட கேட்டுப் பிரயோசனமில்ல. எல்லாம் ஒரே பதிலைச் சொல்லும்.”

“வழி தவறுறவனுக்குக் காடு எதுக்குய்யா?”

அறிவிப்பில் பொய் இல்லை. ஏரிக்கரை மேட்டில் நின்ற ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களைக் கோடைதோறும் கோல் வைத்து அளந்து, மற்றதையெல்லாம் முந்தி வளர்ந்த ஒன்றைத் தாயாகத் தேர்ந்தவர் அவர். அதன் கிளைகளை வெட்டிய போத்துகளை வேர்விடச் செய்து பள்ளத்து நிலம் முழுக்க நட்டார். அதற்காக அப்பன் விட்டுப்போன கலப்புக் காட்டை மொட்டையடித்தாயிற்று. மகள் சோல்வெய்க்கு வரவேண்டிய சொத்து அந்த நிலம் ஒன்றுதான்.

நடும்போதே அவள் சொன்னாள்: “அப்பா, வேற தாயோட கன்னையும் கலந்து நடுங்க. இந்த மரம் முந்தி முழிச்சுத் துளிர்க்கிறதாலதான் முந்தி வளருது. மேட்டுல அது சரி. பள்ளத்துல குளிர் தேங்குமே.”

“சோம்பேறியைச் சேத்தா உழைக்கிறவனும் கெடுவான்மா.”

சில ஆண்டு கழித்து ஒரு மே மாதம் வெயில் வழக்கத்துக்கு மீறி இனித்தது. ஒரே காலையில், உத்தரவு வந்ததுபோல், அத்தனை மரமும் மொட்டவிழ்ந்தது. தோர்னி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அணிவகுப்பைப் பார்வையிட்டார். மாலையில் காற்று நின்றது. வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. மேட்டிலிருந்து குளிர் மெல்ல இறங்கி வந்து, பள்ளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தது.

விடிந்தால் உறைபனி. மத்தியானத்துக்குள் துளிரெல்லாம் வெந்த கீரையாய்த் தொங்கியது. சாவு துளியும் பாரபட்சம் காட்டவில்லை. அடுத்த வசந்தமும் அதே ஒழுங்கு, அதற்கடுத்ததும். வானளக்க வேண்டிய காடு முழங்கால் உயரப் புதராய்ப் படர்ந்தது. எவால்டு கேலியை நிறுத்திக்கொண்டார். தோர்னிக்கு உறைபனியைவிட அதுதான் உறைத்தது.

இலையுதிர்காலத்தில் சோல்வெய் எவால்டின் காட்டிலிருந்து, பல மரத்து விதைகளில் முளைத்த கன்றுகள் கொண்டுவந்தாள்.

“எதோட பிள்ளைன்னு கேக்க மாட்டீங்களா?”

“குழி எங்கேன்னு காட்டும்மா.”

மறு மே. அதே வெயில், சாயங்காலம் அதே அசையாத காற்று. புதிய கன்றுகளில் சில விழித்திருந்தன, சில அரைக்கண் திறந்திருந்தன. ஒன்று மட்டும் மொட்டை இறுக மூடிக்கொண்டு கிடந்தது. தோர்னி அதனருகே குந்தினார்.

“தூங்கு,” என்றார் மெல்ல. “அவசரமே இல்ல.”