ஐஸ் வண்டியின் ஸ்டேட்டஸ்

சிங்காரம் மாமா தன் போனை ஐஸ் பெட்டிக்குள் வைத்த கதையைச் சொன்னால் கோட்டைக்குப்பத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். இறால் சூடேறினால் கெட்டுப்போகும் என்று நாற்பது வருடமாக ஐஸ் போட்டுப் பழகிய கை அது. அப்டேட் ஆன போன் அடுப்புக்கல்லாகச் சுட்டது. பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறாலோடு இறாலாக வைத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அதில் ஒரு தப்பும் கிடையாது. சிரிப்பு முடிந்த பிறகுதான் அந்தப் போனில் அவருக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. மூன்று ஊர்கள் முறை வைத்திருக்கின்றன. நான்கு நாள் எங்கள் ஊருக்கு, அடுத்த எட்டு நாள் மற்ற இரண்டு ஊர்களுக்கு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்தால் மாமா காய்ச்சலோடும் போவார். மனைவி செல்வம்மாள் செத்துக் காரியம் முடிந்த மறுநாள் பாடு. போனார். இரண்டு வருடம் கழித்து மகள் செவ்வந்தி ஆரம்பாக்கம் பக்கத்துப் பையன் முரளியைக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்றைக்கும் பாடுதான். அன்றைக்கும் போனார். கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் பேசினேன்.

முரளி நெல் விளைவிக்கும் குடும்பம். வேறு சாதி. மாமா அம்மன் கோவில் வாசலில் நின்று, "இனிமே என் வாயால அவள கூப்பிட மாட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மூன்று வருடமாகக் காப்பாற்றியும் வந்தார். போய் மூன்று மாதம் கழித்து செவ்வந்தி, 'நைனா, இது என் நம்பர்' என்று ஒரு மெசேஜ் அனுப்பினாள். அவர் பதில் போடவில்லை. ஆனால் நம்பரைப் பத்திரப்படுத்தினார். படகில் கூட வருகிறவன் எட்டிப் பார்த்தால் தெரியக் கூடாதென்று 'ஐஸ் வண்டி' என்று பெயர் போட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு ஸ்டேட்டஸ். ஒரு நாள் நாற்று, ஒரு நாள் வாசல் கோலம், ஒரு நாள் புதிதாக வாங்கிய கன்றுக்குட்டி. அவள் முகம் எப்போதாவதுதான் வரும். அப்படி வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்தில் மாமா நாற்பது தடவையாவது பார்த்துவிடுவார். பார்த்தவர்கள் வரிசையில் தன் பெயர் அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கோவிலில் வாயை வைத்துத்தானே சத்தியம் செய்தார், கண்ணை வைத்து இல்லையே!

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். எங்கள் ஊர்ப் பாடு நாட்களில் அவள் ஸ்டேட்டஸ் சாயங்காலம்தான் வரும். மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குள் வந்துவிடும். நெல் வயலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் அப்பன் ஏரியில் இருக்கும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். இதை என்னிடம் சொல்லும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன தை மாதம், எங்கள் பாடு தொடங்கி மூன்றாம் நாள், படகிலேயே அந்த வினை நடந்தது. அப்டேட் செய்யவா என்று போன் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தது. இறால் பிசுக்கோடு இருந்த கை எதையோ தொட்டுவிட்டது. அரை மணி நேரம் கழித்துக் கண் விழித்த போன் வேறு ஆளாக இருந்தது. தமிழில் இருந்ததெல்லாம் இங்கிலீஷாகிவிட்டது. எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஆள் நடந்தால் டார்ச் எரிந்தது. சட்டைப் பையில் கிடந்தபடியே யார் யாரையோ கூப்பிட்டது. மெசேஜ் வந்த இடத்தில் பெயர்கள் போய் வெறும் நம்பர்கள் நின்றன. ஸ்டேட்டஸ் இருந்த இடம் துடைத்து வைத்ததுபோல் காலியாகக் கிடந்தது.

பெயரைத் தேடி எடுத்து ஒரு போன் போட்டால் முடிந்தது. அதைத்தான் அவரால் செய்ய முடியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் எதைத் தேடுகிறாய் என்பார்கள். போனை அணைத்தார், ஏற்றினார், சாமி படத்துக்கு முன்னால் வைத்தார், ஐஸில் வைத்தார். எட்டாவது நாள் நான் பார்த்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல வாய் வராமல் போனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பழவேற்காடு வரிக்கும் வர்றியா? இந்தச் சனியன கடையில காட்டணும். இங்கிலீசுல கேட்டா நீ சொல்லு."

பழவேற்காட்டு பஸ் ஸ்டாண்ட் அருகே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரோஸ்மேரிக்கு இங்கிலீஷ் தேவையில்லை, தமிழே ஜாஸ்தி. போனை வாங்கி மோந்து பார்த்தாள்.

"இன்னாண்ணே, இறால் வாசன அடிக்குது?"

"ஐஸ்ல வச்சேன்."

"போனையா! கொழம்பும் வச்சிருக்கலாமே. சரி, எது வேல செய்யல?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஸ்டேட்டஸ் வரல."

"யாரு ஸ்டேட்டஸ்?"

குரலைத் தணித்து, "ஐஸ் வண்டி" என்றார்.

ரோஸ்மேரி சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐஸ் வண்டிக்காரன் ஸ்டேட்டஸுக்கா இப்டி எளச்சிப் போயிருக்க?" என்றபடியே எதையோ தேடி எடுத்தாள். "ஒண்ணியும் இல்லண்ணே. அப்டேட்டுல வாட்ஸப்புக்கு பேருங்கள பாக்கற பர்மிசன் பூட்ச்சி. ஒரே ஒரு பட்டன், தட்டுனா எல்லாம் வந்துரும்."

அவள் விரல் பட்டனுக்குப் போவதற்குள் போன் அடித்தது.

"பேரச் சொன்னதும் உன் ஐஸ் வண்டியே கூப்புடுது பாரு" என்று நீட்டினாள்.

மாமா போனை வாங்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயர் அப்படி அடித்ததில்லை. ரோஸ்மேரியே பச்சையைத் தள்ளி அவர் கையில் வைத்தாள். என்ஜின் சத்தத்தில் மந்தமான காது, அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். கடை முழுக்கக் கேட்டது.

"நைனா?"

அவர் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"நைனா, பத்து நாளா நீ பாக்கவே இல்ல. மொத ரெண்டு நாளு பாடுல இருக்கன்னு நெனச்சேன். பாடு முடிஞ்சி எட்டு நாளாச்சே. ஏரியில எதுனா ஆயிடுச்சான்னு... நைனா, பேசு நைனா. கீறியா?"

ரோஸ்மேரியின் சிரிப்பு நின்றது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"கீறேம்மா" என்றார் மாமா. அவர் குரல் இவ்வளவு சின்னதா என்று நினைத்தேன். "நல்லாத்தான் கீறேன். போன்தான் பூட்ச்சி."

அந்தப் பக்கம் அவள் அழுது முடிக்கும்வரை இவர் சட்டைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கேட்டாள். "கடையில காட்டுனியா?"

மாமா ரோஸ்மேரியைப் பார்த்தார். "காட்டுனேன். இங்க யாராலயும் ஆவாதாம்."

ரோஸ்மேரி வாயைத் திறந்தாள். நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். மூடிக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியுமா இந்தப் போன் ரிப்பேரெல்லாம்?" என்றார் மாமா. கொஞ்சம் நிறுத்தி, "மாப்பிள்ளைக்கு" என்றார்.

ஸ்பீக்கரில் மெதுவாக, "தெரியும் நைனா" என்று வந்தது.

"அப்ப நாளைக்கு இட்டுகினு வா."

"நாளைக்கு நம்ம பாடு ஆரம்பிக்குதே! நீ ஏரிக்குப் போவணுமே."

"தெரியும்" என்றார். "ஏரி எங்க போவுது? இந்த மொற நான் போவல."

நான் பிறந்ததிலிருந்து அவர் ஒரு பாடு விட்டுப் பார்த்ததில்லை. பேசி முடித்ததும் அவர் கையிலிருந்த போனை நோக்கி ரோஸ்மேரி கையை நீட்டினாள்.

"குடுண்ணே, அந்தப் பட்டன தட்டிடறேன். ஒரு நிமிசம்."

மாமா போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதம்மா. அவங்க வர்ற வரிக்கும் இது இப்டியே இருக்கட்டும்."