அக்கா தவறினார்

உரிம ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் சிவப்புப் பேனா நின்றது. 'பயன்படுத்த கூடாது' என்று இருந்த இடத்தில் ஒரு 'க்' போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே மறுபடி காதில் செருகிக்கொண்டார் ஒற்று சார். காது மடலில் எந்நேரமும் ஒரு சிவப்புக் கோடு இருக்கும்.

பதிப்பகத்தில் முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர். ஓர் ஒற்று விட்டுப்போனால் அவருக்குச் சோறு இறங்காது. பெயர் அப்படி வந்ததுதான். மருந்துச் சீட்டைக்கூடத் திருத்திய பிறகே கடைக்காரரிடம் நீட்டுவார். ஊரெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கும் இடத்தில், இவர் பதினெட்டுப் பக்கங்களையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் படிக்கிறார்.

அந்த வீடியோ அழைப்புச் செயலியைக் கணினியில் நிறுவச் சொன்னவர் வெளிநாட்டில் இருக்கும் அக்கா. நாளைக் காலை அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. அதற்கு முன் தம்பி முகத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். தம்பியிடம் இருப்பதோ பட்டன் போன். "இது ஓப்பன் சோர்ஸ் சார். நம்பரே வேணாம், ஒரு பேரு போதும். யார் வேணும்னாலும் உள்ள பார்க்கலாம், தப்பிருந்தா திருத்தலாம்" என்றாள் பதிப்பகத்தில் கணினி பார்க்கும் பெண். கடைசிச் சொல்லில் விழுந்துவிட்டார்.

"அக்கா அங்க காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க சந்தி பார்த்துக்கிட்டிருக்கீங்க" என்றார் மனைவி.

"படிக்காம ஒத்துக்க நான் என்ன பச்சைக் குழந்தையா?"

உண்மையில் பயம். பயம் வந்தால் அவர் கண்ணுக்குப் பிழைதான் தெரியும். அக்காவோடு பேசும்போதும் அப்படித்தான். அக்காவுக்கு 'ழ' வராது, பாதிப் பேச்சு அதைத் திருத்துவதிலேயே போய்விடும்.

மத்தியானம் ஒருவழியாக அமுக்கினார். நீலக் கோடு ஊர்ந்து முடிந்தது. 'வந்துவிட்டேன்' என்று எழுதி, 'சேர்ந்துவிட்டேன்' என்று மாற்றி அக்காவுக்கு அனுப்பிவிட்டு, முகம் கழுவிச் சட்டை மாற்றப் போனார். ஸ்பீக்கர் வயரைச் சொருக மறந்திருந்தார்.

திரும்பி வந்தபோது திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

'அக்கா தவறினார்.'

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வரியில் ஒற்றுப்பிழை இல்லை. முற்றுப்புள்ளிகூடச் சரியாக இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"ஏங்க, கீழ பாருங்க, ரெண்டு பத்துன்னு மணி போட்டிருக்கு. கூப்பிட்டிருக்காங்க, நீங்க எடுக்கல. தவறினது அழைப்புங்க, அக்கா இல்ல!"

"அப்ப 'அழைப்பு தவறியது'ன்னுல்ல இருக்கணும்?" குரல் உடைந்தது. "எழுவாயே தப்பு."

"எழுவாய் கெடக்கட்டும். வயரைச் சொருகுங்க."

சொருகிவிட்டு நிமிர்வதற்குள் மணி அடித்தது. திரையில் அக்கா, மருத்துவமனைத் தலையணை, எண்ணெய் காணாத தலை.

"ஏண்டா அளுவுற? இந்தக் கிளவி அவ்வளவு சீக்கிரம் போயிட மாட்டா."

தம்பி திருத்துவதற்காக, வழக்கம்போல, அக்கா ஒரு நொடி நிறுத்தினார்.

ஒற்று சார் காதிலிருந்த பேனாவை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.